வேரின் வரலாறு: கோடூர்ச் சாத்துக்குடியும் நொய்யல் உப்பும்

தமிழில் விஞ்ஞானியைப் பற்றி எழுத இரண்டு அச்சுகள்தான் இருக்கின்றன. ஒன்று பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்து அச்சு: ஏழ்மையில் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், நாட்டுக்கு உழைத்தார், பட்டம் பெற்றார். மற்றது நம் பக்கத்து அச்சு: காலனிய அறிவதிகாரத்தின் கைக்கருவி, நாட்டு அறிவை அழித்தவர், அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. இரண்டுக்கும் ஒரு வசதி பொது. அந்த மனிதர் எந்தச் செடியை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று பார்க்கவேண்டிய அவசியமே கிடையாது. கே.சி. நாயக் என்கிற தோட்டக்கலை விஞ்ஞானியை இந்த இரண்டு அச்சுக்கும் வெளியே வைத்துப் பார்க்க முடியுமா என்பது இக்கட்டுரையின் முயற்சி. பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆரஞ்சு பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பழம் என்று பார்த்தால் சம்பந்தமில்லைதான். ஆனால் அவர் காலத்து ஆராய்ச்சி கையிலெடுத்த கேள்வி, ஒரு மரம் எந்த வேரில் நின்றால் எந்த மண்ணில் பிழைக்கும் என்பது. அதே கேள்வி அரை நூற்றாண்டு கழித்து நொய்யல் கரையில் மிக மோசமான வடிவத்தில் திரும்பி வந்தது.

முதலில் கோடூர். அன்றைய சென்னை மாகாணத்தில் கடப்பை மாவட்டத்து ரயில்வே கோடூரில், இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு 1935இல் பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்தவர் நாயக். இடத்தேர்வு தற்செயலானதல்ல. ஊர்ப் பெயரிலேயே ரயில்வே இருக்கிறது. சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் இருப்புப்பாதையில் உள்ள ஊர். மாட்டுவண்டியில் ஏற்றினால் நசுங்கிப்போகும் பழம் ரயில் வந்த பிறகுதான் சரக்காகிறது. சாத்துக்குடி இந்த வகையில் ரயில்வே காலத்துப் பயிர். வட ஆற்காட்டுச் சாத்கர் என்ற ஊரிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். நவாபின் தோட்டத்து ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர் அது. நவாபின் தோட்டத்தில் இருந்ததை ராயலசீமைக் கிணற்றுப் பாசனத்துக்கும் சென்னை மொத்த வியாபாரிக்கும் கொண்டுவந்து சேர்த்த பொருளாதாரத்தின் நடுவில் இந்த நிலையம் எழுந்தது.

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமை உண்டு. நாரத்தை என்ற சொல்தான் நாரங்கமாகி, பாரசீகம் அரபு வழியாக ஸ்பானியம் போய், கடைசியில் ஆங்கில ஆரஞ்சாயிற்று என்பது. அச்சொல்லுக்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்பதை அகராதிக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். இருக்கட்டும். சொல் நம்முடையதாக இருப்பதால் மரம் பிழைத்துவிடாது. மரபணுவைப் படித்தவர்கள் 2018இல் சொன்னது, இந்தக் குடும்பமே இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் கிளைத்துப் பரவியது என்று. நாம் தனித்தனிச் சாதியாக எண்ணும் பலவும் கலப்பில் பிறந்தவை என்று. புளிப்பு ஆரஞ்சு பம்பளிமாசுக்கும் மாண்டரினுக்கும் பிறந்தது. பெரிய எலுமிச்சை, அந்தப் புளிப்பு ஆரஞ்சுக்கும் கடாரங்காய் வகைக்கும் பிறந்தது. தூய வம்சம் தேடுகிறவர்கள் இந்தக் குடும்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காமலிருப்பது நல்லது.

கோடூர் நிலையம் தொடங்கிய அதே 1935இல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார் ஐக்ராய்ட். இந்தியர் தின்னும் பொருட்களில் என்ன சத்து எவ்வளவு என்ற அட்டவணை 1937இல் அங்கிருந்துதான் வெளியாயிற்று. இதன் வழிவந்த பிற்கால அட்டவணைகளைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. நூறு கிராமுக்கு வைட்டமின் சி: ஆரஞ்சில் 30 மில்லிகிராம், கொய்யாவில் 212, முருங்கைக்கீரையில் 220, நெல்லிக்காயில் 600. வேலிமுருங்கை தருவதில் ஏழில் ஒரு பங்கைத் தருகிற பழம், நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் பையோடு தொங்குகிறது. ஆரஞ்சின் மரியாதை சத்துக் கணக்கிலிருந்து வந்ததல்ல, அந்தஸ்திலிருந்து வந்தது. பழ ஆராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் கொடுத்தது, கேழ்வரகுக்கும் கம்புக்கும் எவ்வளவு கொடுத்தது என்ற கேள்வியை நம் நண்பர்கள் எழுப்பினால் அது நியாயமான கேள்விதான். அதை மறுத்துவிட்டு நாயக்கைப் பாராட்ட முடியாது.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்த நிலையத்தில் நடந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அங்கே முக்கியமாகச் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று வேர்ச்செடி. சாத்துக்குடியை விதை போட்டு வளர்க்கலாம். அல்லது வேறொரு புளிப்பினத்தின் நாற்றில் சாத்துக்குடி மொட்டை ஒட்டி வளர்க்கலாம். இரண்டாவதில் மண்ணுக்குள் இருப்பது ஒரு செடி, மேலே காய்ப்பது இன்னொரு செடி. கீழே என்ன வைப்பது? ஜம்பேரியா, கஜநிம்மவா, புளிப்பு ஆரஞ்சா, சாத்துக்குடி நாற்றேவா? ஆப்பிளுக்கு இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் நிலையத்து ஹாட்டன். 1912 தொடங்கி அவர் வேர்ச்செடிகளை இனம்பிரித்து எண்கொடுத்தார். அந்த எண்களைக் கோடூரில் நட முடியாது. புளிப்பினத்துக்கு இங்கேயே, இந்த வெயிலில், இந்த மண்ணில், வரிசை வரிசையாக நட்டுக் காத்திருக்கவேண்டும். ஒரு வேர்ச்செடிச் சோதனை பேசத் தொடங்கவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு மானியம் வாங்கி நான்காம் ஆண்டு அறிக்கை போடும் இன்றைய ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தக் கால அளவு கெட்ட கனவுபோல் இருக்கும். நட்டவர் அறுவடையைப் பார்ப்பார் என்று நிச்சயமில்லை. ரயில்வே கோடூர் இருந்த நிலம் 1953இல் ஆந்திரத்தோடு போனது; மரங்கள் இருந்த இடத்திலேயே நின்றன, கோப்புகளின் மொழியும் தலைநகரும் மாறின.

மொட்டு ஒட்டுவது யார் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். நாற்றின் தண்டில் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் 'டி' வடிவில் கீறி, பட்டையை நோகாமல் நெகிழ்த்தி, தாய்மரத்திலிருந்து சீவியெடுத்த கேடய வடிவ மொட்டை உள்ளே செருகி, வாழைநாரால் கட்டுவது. கத்தி கொஞ்சம் ஆழம் போனால் போச்சு, மொட்டு காய்ந்தாலும் போச்சு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இதைச் செய்கிற கை கூலிக்காரரின் கை. சோதனை அறிக்கையில் வேர்ச்செடியின் பெயர், மரத்தின் சுற்றளவு, காய் எண்ணிக்கை எல்லாம் வரும். அந்தக் கையின் பெயர் வராது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் பேரும் கைமடிக்கிற பெண்கள் பேரும் ஏற்றுமதிப் பெட்டிமேல் வராததுபோலத்தான்.

நாயக்கின் பெரிய நூல் தென்னிந்தியப் பழங்களும் அவற்றின் சாகுபடியும் பற்றியது. 1949இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியானது. புளிப்பினங்களைப் பற்றிய பகுதி இன்றும் எடுத்தாளப்படுகிறது. கிச்சிலி, கஜநிம்ம, சாத்துக்குடி என்று தெற்கே வழங்கிய பெயர்களுக்குப் பின்னால் எந்தச் செடி நிற்கிறது என்ற குழப்பத்தை ஓரளவு தீர்த்தது அந்த எழுத்து. அடுத்த ஆண்டு கங்கோலியோடு சேர்ந்து தென்னிந்திய மாம்பழங்களின் வகைப்பாடு பற்றித் தனிநூலும் வெளியிட்டார். 1964இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனார். இந்தப் பட்டியலைச் சீக்கிரம் கடந்துவிடலாம், பதவி வரலாறு வேர்ச்செடியின் வரலாறாகாது. கவனிக்கவேண்டியது அந்த வகைப்பாட்டு வேலை. நாட்டுப் பெயரை அழித்து லத்தீன் பெயர் வைப்பது காலனியச் செயல் என்று சொல்வது எளிது. ஒரே பெயரில் மூன்று செடி விற்கிற நாற்றங்காலில் ஏமாந்த விவசாயி பத்து வருஷம் தண்ணீர் பாய்ச்சிய பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறான். பெயரைச் சரியாகச் சொல்வது அவனுக்கு அறிவதிகாரம் அல்ல, முதல்.

இனிப் பாராட்டிலிருந்து விலகவேண்டிய இடம். ஒட்டு என்பது நோய்க்கும் வழி. 1930களில் அர்ஜெண்டினாவிலும் பிரேசிலிலும் புளிப்பு ஆரஞ்சு வேரில் நின்ற ஆரஞ்சு மரங்கள் லட்சக்கணக்கில் செத்தன. துயரம் என்று பொருள்படும் சொல்லால் அதை 'ட்ரிஸ்டெசா' என்றார்கள். அது வைரஸ் என்றும், அசுவினி பரப்புகிறது என்றும், ஒட்டினாலே தொற்றும் என்றும் 1946 வாக்கில்தான் நிறுவப்பட்டது. இதில் விசித்திரம் என்னவென்றால், புளிப்பு ஆரஞ்சு தனியாக நின்றால் இந்த நோயால் இப்படிச் சாவதில்லை. இனிப்பு ஆரஞ்சு தன் வேரில் நின்றாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால், ஒட்டுவாய்க்குக் கீழே சோறு கொண்டுபோகும் குழாய் அழுகி மரம் பட்டுப்போகிறது. நோயை மேலேயும் தேட முடியாது, கீழேயும் தேட முடியாது, உறவில் இருக்கிறது. அமைப்பியல் பேசுகிற நண்பர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தோன்றுகிறது.

அதோடு இன்னொன்று. புளிப்பினத்தில் பல வகைகளின் ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில் பிறந்தவையல்ல. தாய்மரத்தின் திசுவிலிருந்தே எழுந்த நகல்கள். விதை வழியாக ட்ரிஸ்டெசா இறங்குவதுமில்லை. ஆகவே விதைபோட்டு வளர்த்த பழைய விவசாயி, காரணம் தெரியாமலே, தாயைப்போன்ற, இந்த வைரஸ் இல்லாத கன்றை நட்டுக்கொண்டிருந்தான். முள் அதிகம், காய்க்கப் பல வருஷம் தாமதம், அது உண்மை. ஆனால் 'விஞ்ஞான முறை' என்று ஊக்குவிக்கப்பட்ட ஒட்டுக்கன்றுக்கு, நோய்கண்ட ஒரே ஒரு தாய்மரம் கிடைத்தால் போதும், ஆயிரம் தோட்டத்துக்கு நோய் போய்ச் சேரும். நாயக் கோடூரில் வேலை தொடங்கியபோது இது யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 'தெரியாது' என்பதைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. பரிந்துரை எப்போதும் முழுசாகத்தான் வரும்.

குடகில், வயநாட்டில், பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், காப்பிக்கும் மலைவாழைக்கும் நடுவே நின்ற கமலா ஆரஞ்சு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தன. மண் குறை, துத்தநாகக் குறை, நூற்புழு, பூஞ்சை, பராமரிப்புக் குறை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. 1966இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லிலியன் ஃப்ரேசர் இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, இந்த நுனிக்கருகலுக்குப் பெரும் காரணம் 'கிரீனிங்' நோயாக இருக்கலாம் என்று எழுதினார். ஒரு சின்னஞ்சிறு சாறுறிஞ்சிப் பூச்சி அதைப் பரப்புகிறது என்று கபூரும் கூட்டாளிகளும் அடுத்த ஆண்டு காட்டினார்கள். 2005இல் அதே வகை நோய் ஃப்ளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டு, இருபது ஆண்டில் அந்த மாநிலத்து ஆரஞ்சு விளைச்சலைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. அப்போதுதான் உலகம் அதைப் பெரிய நோயாக எண்ணியது. பழனி மலையில் காய்ந்தபோது அது 'பராமரிப்புக் குறை'.

ட்ரிஸ்டெசாவுக்குப் பிறகு பிரேசில் தன் தோட்டங்களை எழுப்பியது பெரும்பாலும் ரங்கப்பூர் எலுமிச்சை வேரில். வங்காளத்து ஊர்ப் பெயர் தாங்கிய செடி. கோடூரிலும் நீண்ட சோதனைகளுக்குப் பிறகு சாத்துக்குடிக்கு அதுவே பரிந்துரையானது, வறட்சி தாங்கும். பிரேசிலில் 1999 தொடங்கி 'திடீர்ச் சாவு' என்ற புது நோய் அந்த வேரைத்தான் குறிவைத்தது. ஒரு வேர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும், அடுத்த கேள்விக்கு அதுவே பலியாகும்.

ரங்கப்பூர் வேருக்கு இன்னொரு குணம் உண்டு, அது எங்க ஊருக்கு வேண்டிய குணம். 1950களில் டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வில்லியம் கூப்பர் பல வேர்ச்செடிகளை உப்புத் தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார். ரங்கப்பூர், கிளியோபாட்ரா மாண்டரின் ஆகியவற்றின் வேர்கள் குளோரைடை இலைக்கு அதிகம் விடுவதில்லை. வேறு சில வேர்கள் அப்படியே மேலே ஏற்றிவிடுகின்றன. இலை நுனி கருகி உதிர்கிறது. பயிர்கள் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று கலிஃபோர்னியா ரிவர்சைடு ஆய்வகத்தின் மாஸும் ஹாஃப்மனும் 1977இல் ஒரு பட்டியல் தந்தார்கள். மண்நீரின் மின்கடத்துத்திறனைக் கொண்டு அளப்பது. உப்பு கூடினால் எண் கூடும். ஆரஞ்சு 1.7 வரை தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் 16 சதம் போகும். பருத்தி 7.7 வரை அசையாது, பிறகும் அலகுக்கு ஏறக்குறைய 5 சதம்தான். மண்நீர் 5 என்று வைத்துக்கொண்டால் ஆரஞ்சு தோட்டத்தில் பாதிக்குமேல் காலி, பருத்திக் காட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. கொங்கு நாட்டுத் தோட்டத்தில் கிணற்றடி எலுமிச்சையும் காட்டுப் பருத்தியும் ஒரே தண்ணீரைக் குடித்தாலும் ஒரே வாழ்க்கை வாழ்வதில்லை.

அந்தப் பருத்தி துணியான பிறகுதான் உப்பு வருகிறது. திருப்பூர் வெள்ளைப் பனியன் போட்ட காலத்தில் சலவையோடு வேலை முடிந்தது. 1980களில் ஏற்றுமதி பெருகிக் கலர் வந்தது. பருத்திக்குக் கலர் ஏற்றுகிற வினைச்சாயங்கள் 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த கண்டுபிடிப்பு. இந்தச் சாயத்துக்கும் பருத்திக்கும் தண்ணீரில் ஒரே மின்குணம், ஒன்றையொன்று தள்ளும். நடுவே உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணிமேல் ஏறும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ உப்பு. சாயத்தில் ஒரு பங்கு துணியில் தங்கும். உப்பு ஒரு குண்டுமணி தங்காது, அத்தனையும் கழிவுநீரில். நிறத்தைப் பார்த்துத்தான் ஊர் பயந்தது, சிவப்பாப் போகுது நீலமாப் போகுது என்று. நிறத்தைச் சுண்ணாம்பும் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டும் போட்டுப் படியவைத்துவிட முடிந்தது. தெளிந்து ஓடிய தண்ணீரில் உப்பு அப்படியே இருந்தது.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்ட விநோதம் அங்கே நடந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. சூழலியல் இழப்பு ஆணையம் 2004 டிசம்பரில் கணக்கிட்டது: 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், 2002 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2004 முடிய இழப்பீடு ஏறக்குறைய 24 கோடியே 80 லட்சம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 8,700 ரூபாய்கூட இல்லை. இருபத்தெட்டு மாதத்துக்கு. மாதம் 310 ரூபாய். ஒரு எலுமிச்சை மரம் நட்டுக் காய்ப்புக்கு வர நான்கைந்து வருஷம். செத்த மரத்தின் அந்த வருஷங்களை இந்த வகுத்தலில் எங்கே வைப்பது?

உப்பு தாங்கும் வேர்ச்செடியைக் கொடுத்தால் போயிற்று என்று நாளைக்கு ஒருவர் சொல்வார். சொல்லமாட்டார் என்று நினைக்காதீர்கள், 'காலநிலைக்குத் தகுந்த ரகம்' என்ற பேச்சு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேர் உண்மையிலேயே இருக்கிறது, கூப்பர் காட்டியதும் பொய்யல்ல. ஆனால் கோடூரில் வேர்ச்செடி தேடியது, இயற்கை கொடுத்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற துணையைத் தேடியது. நொய்யலில் அதே ஆராய்ச்சியைக் கேட்பது, பட்டறைக்காரரும் பிராண்டுக்காரரும் கொட்டியதை மரம் விழுங்கிக்கொள்ளட்டும் என்பது. கேள்வியின் சொற்கள் ஒன்றே, கேட்கிறவர் வேறு. வேர்ச்செடி ஆராய்ச்சிக்காரரிடம் நாம் போய்ப் பேசவேண்டியது இதைத்தான்: உங்கள் சோதனைத் திட்டத்தில் தண்ணீரின் உப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி இருக்குமா?

உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவை வெளியே விடவே கூடாது என்று கெடு வைத்தது; 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது; கெடுக்கள் கடந்துபோக, 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றன. தொழிலாளிகள் வேலையிழந்தார்கள், அவர்களுக்கு எந்த ஆணையமும் கணக்குப் போடவில்லை. பிறகு சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் வைத்துப் பட்டறைகள் திரும்பத் திறந்தன. தண்ணீரும் ஒரு பகுதி உப்பும் மறுபடி சாயத்துக்கே போகின்றன. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு ஒன்று மிஞ்சுகிறது. அதை மூட்டை பிடித்துச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கினார்கள். மழைக்காலம் வந்தால் கொட்டகைக் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டிய பொருள் அது.